கயிறு கட்டின மூணாம் நாள்

புதுசா வேலைக்கு சேந்திருக்கற தம்பிங்களா, தங்கச்சிங்களா,

ரிட்டையர் ஆகறவன் அனுபவத்த எழுதி வெச்சுட்டுப் போகணுமாம். நம்ம செக்ரெட்டரி சார் உத்தரவு. எனக்கு இன்னும் தலையில ஒரு நரை கூட வரல. பத்தாவது ரெண்டு வாட்டி எழுதினேன், ரெண்டு வாட்டியும் கணக்கு என்னைப் பாத்து சிரிச்சுட்டுப் போயிடுச்சு. அப்புறம் இந்த ட்ரஸ்ட்டுக்கு வந்து ஒட்டிக்கினேன். இப்போ ஷேர் ஆட்டோ ஓட்டப் போறேன், அதனால நான் ரிட்டையர்டு. "நீ பண்ண தப்பையெல்லாம் எழுதுடா வேலு, புள்ளைங்களுக்கு உபயோகமா இருக்கும்"னாரு சார். எல்லாத்தையும் எழுதினா பேப்பர் வாங்கவே தனியா ஃபண்டு கேக்கணும். அதனால ஒண்ணே ஒண்ணு சொல்றேன்.

சர்வே எப்படி எடுக்கறது, மீட்டிங் எப்படிப் போடறதுன்னு எல்லாம் ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுப்பாங்க. தூக்கம் வந்தா கடைசி வரிசையில உக்காருங்க, நான் அங்கதான் உக்காந்தேன். நான் சொல்லப்போறது ட்ரெய்னிங்ல வராது.

எங்க காலனி அடி அண்ணாமலையத் தாண்டி கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. ஊருக்கு ரோடு உண்டு. காலனிக்கு ரோடு மாதிரி ஒண்ணு உண்டு. பௌர்ணமின்னா ஆம்பளைங்க அத்தனை பேரும் கிரிவலப் பாதையில நிப்பாங்க. தண்ணி பாக்கெட் விப்பாங்க, செருப்பு பாத்துக்குவாங்க, கடைக்காரங்களுக்கு மூட்ட தூக்குவாங்க. மறுநாள் காலையில கையில காசு இருக்கும். சாயங்காலம் காசும் இருக்காது, கால் ரெண்டும் நேரா நிக்கவும் நிக்காது. சாராயம் விக்கறவன் எங்க ஆளு கெடையாது. எங்கிருந்தோ லாரி டியூப்ல ரொப்பி எடுத்துட்டு வருவான், வித்துட்டு சைக்கிள் ஏறிப் போயிடுவான். குடிகாரப் பசங்கன்னு பேரு மட்டும் காலனிக்கு நின்னுடும்.

அந்தப் பேருக்குத்தான் எங்களுக்கு ஃபண்டு வந்துச்சு.

வெளிநாட்டுக்காரங்க பணம், மெட்ராஸ் ஆபீஸ் வழியா வரும். ஒதுக்கி வெச்ச சனங்க இருக்கற எடத்துல, அந்த சனங்களே முன்ன நின்னு குடிய தடுக்கணும், அதுக்குத்தான் பணம். நல்ல திட்டம்தான். முன்ன நிக்க வேண்டிய சனங்கள ஒரு வார்த்தை கேக்காமலே நானும் சாரும் எழுதி அனுப்பிட்டோம், அது ஒண்ணுதான் கொறை. நான் காலனிக்காரன்றதால என்னைக் கேட்டா காலனியையே கேட்ட மாதிரின்னு சார் நெனைச்சுட்டாரு. நானும் அதையே நெனைச்சுட்டேன், எனக்கு அது வசதியா இருந்துச்சு.

எழுதினத பெருமையா எடுத்துட்டுப் போயி கன்னியம்மா அக்காகிட்ட படிச்சுக் காட்டினேன். காலனி பொம்பளைங்க சங்கத்துக்கு அதுதான் தலைவி. கல் ஒடைக்கற வேலைக்குப் போயிட்டு வந்து, முட்டிக்கால நீட்டி உக்காந்துனு இருந்துச்சு.

"'இப்பகுதி மக்கள் குடிப்பழக்கத்தில் மூழ்கியுள்ளனர்.'"

"நிறுத்து. யார்ரா மூழ்கினது?"

"பொதுவா எழுதறதுக்கா."

"நான் குடிக்கறனா?"

"இல்ல."

"உங்கம்மா?"

"எங்கம்மாவ எதுக்கு இழுக்கற?"

"நீதான்டா இழுத்துட்ட. காலனிய மொத்தமா முழுக வெச்சு காசு வாங்கறியே, எங்களுக்கு இன்னா வேணும்னு கேட்டியா?"

"அதெல்லாம் கேக்கறதுக்கு அதுல எடம் இல்லக்கா."

நெசமாவே இப்படித்தான் சொன்னேன். அந்த அக்கா என்னைப் பாத்த பார்வையில எனக்கு அன்னைக்கே புத்தி வந்திருக்கணும். எனக்குப் பசிதான் வந்துச்சு, வீட்டுக்குப் போயிட்டேன்.

மொத வருஷம் ஊர்வலம் போனோம். தலையில காகிதத் தொப்பி, கையில தட்டி. செவுத்துல எல்லாம் எழுதினோம். ராத்திரி குடிச்சவங்க அந்த செவுத்துலயே சாஞ்சு படுத்தாங்க. வருஷம் முடியற நேரம், மெட்ராஸ் ஆபீஸ்லருந்து ஒரு மேடம் வந்து பாக்கப் போறாங்கன்னு சேதி வந்துச்சு. அவங்க பாத்து சரின்னாத்தான் அடுத்த வருஷம் பணம். இல்லன்னா எங்க நாலு பேரு வேலை போச்சு, புள்ளைங்களுக்கு நடத்தின சாயங்கால ட்யூஷனும் மூடிடணும்.

சார் மூஞ்சி சுருங்கிப்போச்சு. "வேலு, கண்ணால பாக்கற மாதிரி எதாவது காட்டணும்டா"ன்னாரு.

எனக்கு மூளை கம்மி, ஆனா வேகம் ஜாஸ்தி. ஒடனே சொன்னேன், "கயிறு கட்டிடலாம் சார்."

டவுனுலருந்து வந்தவங்களுக்காக சொல்றேன். குடிய விடணும்னு நெனைக்கறவன் அம்மன் கோயிலுக்குப் போயி, ஈரத்துணியோட நின்னு, கற்பூரத்த அடிச்சு சத்தியம் பண்ணுவான். பூசாரி கையில கயிறு கட்டுவாரு. ஆறு மாசம், ஒரு வருஷம்னு அவனே தவணை சொல்லுவான். அதுக்குள்ள குடிச்சா அம்மா சும்மா விடமாட்டான்னு பயம். ஒருத்தர் ரெண்டு பேரு கட்டறது எங்க பக்கம் சகஜம். நான் மொத்த காலனிக்கும் ஒரே நாள்ல கட்ட வெச்சேன். பௌர்ணமிக்கு மறுநாள், ஆம்பளைங்க கையில காசோட திரும்பி வர்ற அன்னைக்கு. மேடம் அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு வர்றாங்க. எல்லாரையும் கயித்தோட வரிசையா உக்கார வெச்சா எப்படி இருக்கும்! அந்தக் கணக்குல மட்டும் நான் பாஸ்.

கட்ட வந்தவங்க பூசாரிகிட்ட பேசின பேரத்த நீங்க கேட்டிருக்கணும்.

"பீரு இதுல வராதுல்ல?"

"மச்சான் கல்யாணம் ஒண்ணு கீது, அத மட்டும் தள்ளிக் கட்டு."

"எடது கையில கட்டு சாமி. குடிக்கறது வலது கையில."

பூசாரி என்னைத் திரும்பிப் பாத்தாரு. "கட்டுங்க, கட்டுங்க"ன்னேன்.

பெரிய மீனு இன்னும் மாட்டல. கன்னியம்மா அக்கா வீட்டுக்காரரு, ஏழுமலை மாமா. கொத்தனாரு. காலையில எழுந்ததும் குடிச்சாத்தான் அவருக்குக் கரணை கையில நிக்கும். யாரையும் திட்ட மாட்டாரு, அடிக்க மாட்டாரு, ரோட்டுல விழ மாட்டாரு. வருஷக்கணக்கா ஒரு நாள் தவறாம குடிச்ச மனுஷன். அவரு கட்டிட்டா பத்து பேரு கட்டின மாதிரின்னு நான்தான் வீட்டுக்கே போயி கெஞ்சினேன், கிண்டல் பண்ணேன், சூடு ஏத்தினேன். "மாமா, உன்னால முடியாதுன்னு எல்லாரும் பந்தயம் கட்டிட்டாங்க"ன்னு பொய்யும் சொன்னேன்.

மாமா எழுந்து வந்தாரு. ஈரத்துணியோட நின்னாரு. "எத்தினி நாளைக்குப்பா?"ன்னு பூசாரி கேட்டாரு.

"ஆயுசுக்கும் கட்டு."

நான் கை தட்டினேன். கூட்டமும் கை தட்டுச்சு. அக்கா மட்டும் தட்டல. முந்தானையால மூஞ்சத் தொடைச்சுனு நின்னுச்சு.

மறுநாளே பாதிப் பேரு கயித்த கழட்டி சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கினு போயி குடிச்சுட்டு, வந்து திரும்ப மாட்டிக்கினாங்க. ஒருத்தன் பொண்டாட்டி கையிலயே கழட்டிக் குடுத்து, "பத்திரமா வெச்சிரு"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். எனக்கு எல்லாம் தெரியும். வரிசையில உக்கார வந்தாப் போதும்னு இருந்தேன்.

ஏழுமலை மாமாவுக்கு ஒடம்பு நடுங்க ஆரம்பிச்சுது. தண்ணி டம்ளர் கையில நிக்கல. வேர்த்துக் கொட்டுது, தூக்கம் இல்ல. அக்கா என்னைக் கூப்புட்டுக் காட்டுச்சு.

"இன்னாடா இது?"

"ரெண்டு நாள்ல சரியாயிடும்க்கா. நாளைக்கு மொத வரிசையில உக்கார வெச்சுடு."

காலனியில வேற மாதிரி பேச்சு கெளம்பிடுச்சு. ஏழுமலை திருட்டுத்தனமா குடிச்சிருக்கான், அதான் அம்மா கேக்கறா. பாக்கெட்டுல கயிறு வெச்சிருந்தவனே வந்து இத சொல்லிட்டுப் போறான்! பூசாரி எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாரு. நானும் மாமாகிட்ட குனிஞ்சு, "நெசத்த சொல்லு, குடிச்சியா?"ன்னு கேட்டேன். அவரு கையத் தூக்கி கயித்தக் காட்டினாரு. அந்தக் கையும் ஆடுச்சு.

மூணாம் நாள் காலையில மாமா கூரையப் பாத்து, "பாம்பு தொங்குது, அடிடா"ன்னாரு. செத்துப்போன அவங்க அண்ணன்கிட்ட பேசினாரு. மேடம் வர்ற நேரம் ஆயிடுச்சு. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? பஞ்சாயத்து டிவி ரூமுல பாயப் போட்டு அவரைப் படுக்க வெச்சேன். பேஜாரு வேணாம்னு வெளியில தாப்பா போட்டேன். அக்காகிட்ட, "தூங்கறாரு, நீ வந்து ஆரத்தி எடு"ன்னு சொன்னேன்.

மேடம் வாடகை அம்பாசடர்ல வந்து எறங்கினாங்க. ஆரத்தி, மாலை, மைக்செட்டுல பாட்டு. வரிசையில உக்காந்திருந்தவங்க எல்லாம் கையத் தூக்கிக் கயிறு காட்டினாங்க. மேடம் ஒருத்தர்கிட்ட, "எத்தனை நாளா குடிக்கல?"ன்னு கேட்டாங்க. "பொறந்ததுலருந்தே"ன்னுட்டான். முந்தின நாள் சாயங்காலம் நான்தான் அவனத் தூக்கிட்டு வந்து வீட்டுல போட்டேன்.

அப்போ டிவி ரூமுலருந்து தொப்புன்னு ஒரு சத்தம். அப்புறம் இன்னொண்ணு. செவுத்த ஒதைக்கற மாதிரி.

நான் மைக்க கையில புடிச்சுனே மைக்செட்காரனப் பாத்து, சவுண்ட ஜாஸ்தி வைன்னு கை காட்டினேன்.

தம்பிங்களா, பத்து வருஷ சர்வீசுல நான் எடுத்த முடிவுங்கள்லயே வேகமா எடுத்த முடிவு அதுதான். கொஞ்சம் கூட யோசிக்கல.

அக்கா ஆரத்தித் தட்ட அப்படியே கீழ வெச்சுட்டு ஓடுச்சு. தாப்பாவ எடுத்துப் பாத்துச்சு. திரும்பி வந்து மைக்க என் கையிலருந்து பிடுங்கினப்போதான் பாட்டு நின்னுச்சு.

"எல்லாரும் எழுந்திருங்க. எங்க வூட்டுக்காரரு வலிப்பு வந்து கெடக்கறாரு. வண்டி வேணும்."

இருந்தது ஒரே வண்டி. மேடம் அதுக்குள்ள அவங்க பைய எடுத்து முன் சீட்டுல போட்டுட்டு, "தூக்குங்க"ன்னு சொல்லிட்டாங்க. சார் என் தோளப் புடிச்சு காதுல, "சமாளிடா"ன்னாரு. நான் சமாளிச்சேன். "மேடம், இவருக்கு சின்ன வயசுலருந்தே காக்கா வலிப்பு உண்டு"ன்னேன். அக்காவுக்கு அது காதுல விழல. மாமா தலைய மடியில வெச்சுனு வண்டியில ஏறியிருந்துச்சு.

பெரியாஸ்பத்திரியில அக்காவ சீட்டு வாங்கற எடத்துல நிறுத்திட்டாங்க. உள்ள மாமா பக்கத்துல நான், பின்னாடி மேடம், கதவுகிட்ட சார். டாக்டரு வந்தாரு.

"இதுக்கு முன்னாடி வலிப்பு வந்திருக்கா?"

என் வாயில அந்தப் பொய்யி ரெடியா இருந்துச்சு. ஏற்கெனவே ஒரு வாட்டி சொன்னது, திரும்ப சொல்றது சுலபம். சொன்னா ஃபண்டு தப்பிக்கும். சாரு என்னையே பாத்துனு இருக்காரு. டாக்டரு மாமா கண்ண விரிச்சுப் பாத்துனு, "கேக்கறன்ல? எப்பவுமே வருமா, இப்பதான் வருதா? அதப் பொறுத்துதான்யா நான் மருந்து குடுக்கணும்"னாரு.

எனக்கு தைரியம்னு ஒண்ணு கெடையாதுன்னு காலனிக்கே தெரியும். அன்னைக்கும் வரல. பயம்தான் வந்துச்சு. மாமா செத்துட்டா அந்த அக்கா மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்ற பயம், ஃபண்டு போயிடும்ன்ற பயத்த விட ஒரு இஞ்சு பெருசா இருந்துச்சு.

"இல்ல சார். இதான் மொத தடவை. தெனமும் காலையிலருந்து குடிக்கற ஆளு. மூணு நாளா ஒரு சொட்டு தொடல."

"மூணு நாளா? நல்லாத் தெரியுமா?"

"தெரியும் சார். காலனியில தொடாதவரு இவரு ஒருத்தர்தான்."

பின்னாடி மேடம் நிக்கறது ஞாபகம் வந்துச்சு. சொல்லி முடிச்சாச்சு.

"தெனம் குடிக்கறவன யாருய்யா ஒரே நாள்ல நிறுத்தச் சொன்னது? ஒடம்பு தாங்குமா? இங்க கூட்டிட்டு வந்து, மருந்து குடுத்து, கூட இருந்து பாத்துதான் நிறுத்தணும். உயிரே போயிருக்கும்."

யாருன்னு கேட்டா அம்மனக் காட்டலாம், பூசாரியக் காட்டலாம். "நான்தான் சார்"னேன். டாக்டரு அதுக்கப்புறம் என்னைத் திட்டல. மருந்து எழுதவே அவருக்கு நேரம் சரியா இருந்துச்சு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மாமா பொழைச்சாரு. சாயங்காலம் கண்ணத் தொறந்து என்னைப் பாத்து, "போலீஸ்காரா, நான் குடிக்கலய்யா"ன்னாரு. அந்த நெலமையிலயும் அத நிரூபிக்கணும்னு நெனைச்சாரு.

வெளிய பெஞ்சுல அக்கா பக்கத்துல மேடம் உக்காந்திருந்தாங்க. நான் செவுத்தோட செவுரா ஒட்டிக்கினு நின்னேன்.

"அடுத்த வருஷம் பணம் வந்தா என்ன செய்யணும்னு நெனைக்கறீங்கம்மா?"ன்னு மேடம் கேட்டாங்க.

"ஊர்வலம் வேணாம். தொப்பி வேணாம். ஊர்வலம் போயிட்டு வந்து தாகமா கீதுன்னு எங்க ஆளுங்க குடிக்கறாங்க."

"வேற?"

"விடணும்னு நெனைக்கறவன மொதல்ல இங்க கூட்டியாரணும். அதுக்கு வண்டி வேணும். கயிறு வேணும்னா டாக்டரப் பாத்துட்டுக் கட்டிக்கட்டும். இங்க அஞ்சாறு நாள் கூட ஒருத்தி உக்காரணும். உக்காந்தா அவளுக்குக் கூலி போச்சு. கூலி போனா ஒலை வெக்க முடியாது. அதுக்கு பயந்துனுதான் நாங்களே, 'பரவால்ல, கொஞ்சமா குடிச்சுட்டு வேலைக்குப் போய்யா'ன்னு அனுப்பி வெக்கறோம்."

"கூட உக்கார்றவங்களுக்குக் கூலி குடுக்க எங்க திட்டத்துல எடம் இல்லையேம்மா."

"எடம் இல்லன்னு இவனும் சொன்னான்." அக்கா திரும்பிக் கூடப் பாக்காம கைய மட்டும் என் பக்கம் நீட்டுச்சு. "நீங்க எழுதறதுதான? ஒரு எடம் பண்ணுங்க."

மேடம் எழுந்து பஸ் ஏறிப் போனாங்க. வண்டிய எங்களுக்கு விட்டுட்டாங்க.

அந்த வருஷம் ஃபண்டு நின்னுபோச்சு. சாரு என்னை ஒரு வார்த்தை சொல்லல. சொல்லலன்றதே எனக்கு சோறு எறங்காத அளவுக்கு இருந்துச்சு. ட்யூஷன மூடிட்டோம். நான் கிரிவலப் பாதையில மூட்ட தூக்கினேன். கடைக்காரன் ஒருத்தன், "இன்னாப்பா, ஆபீசரு மூட்ட தூக்கறாரு"ன்னு கிண்டல் பண்ணான். "ஃபீல்டு விசிட்டு"ன்னேன்.

பல மாசம் கழிச்சு மேடம் ஆபீஸ்லருந்து தகவல் வந்துச்சு. பழசுல கால்வாசிதான் பணம். ஆனா எதுக்கு செலவுன்னு காலனி பொம்பளைங்க சங்கம்தான் முடிவு பண்ணணும். வண்டிக்கும், கூட உக்கார்றவளுக்கும் எடம் போட்டிருந்தாங்க. "இப்பகுதி மக்கள் மூழ்கியுள்ளனர்"ன்ற வரி அதுல இல்ல.

சங்கம் கூடுச்சு. மொத விஷயமே என்னை வெச்சுக்கறதா வேணாமான்றதுதான். நான் மூலையில உக்காந்துனு இருந்தேன். ஒருத்தி, "அவன் வாய மூடினு வேலை செய்வானா?"ன்னு கேட்டா. இன்னொருத்தி, "வாய மூடினா அவன் செத்துடுவான்டி"ன்னா. சிரிப்பு அடங்கல, வாசல்ல ஏழுமலை மாமா வந்து நின்னாரு. கையில கயிறு இல்ல. எப்ப கழட்டினாருன்னு தெரியல.

அத்தினி பொம்பளைங்க எதிர்ல சொன்னாரு: "குடிச்சுட்டேன். நாலு நாளா குடிக்கறேன். விடணும்னு கீது, தனியா விட பயமா கீது. இந்தப் பணம் ரெண்டாவது வாட்டி வர்றவனுக்கும் உண்டா?"

எங்க காலனியில ஒரு ஆம்பள, போதை இல்லாத நேரத்துல, யாரும் கேக்காம, "குடிச்சுட்டேன்"னு சொல்லி நான் அதுவரைக்கும் கேட்டதில்ல. எத்தினி வரிசை உக்கார வெச்சேன், எத்தினி கயிறு எண்ணினேன், இந்த வார்த்தைய ஒரு ஆள் கிட்டருந்தும் என்னால வாங்க முடியல. நீங்க வேலைக்குப் போற எடத்துல "நான் குடிக்கறதே இல்ல"ன்னு நூறு பேரு சொல்லுவாங்க, எழுதிக்கங்க. இந்த மாதிரி ஒருத்தன் வந்து நின்னா, பேனாவ மூடி வெச்சுட்டு எழுந்திருங்க.

அக்கா தலையக் குனிஞ்சுனு, "எங்க வூட்டு விஷயம், நான் பேசக் கூடாது. நீங்க சொல்லுங்க"ன்னுச்சு.

"உண்டு"ன்னா மூலையில இருந்த ஒருத்தி. அப்புறம் எல்லாரும் உண்டுன்னாங்க. "கூட உக்கார யாரு? கன்னியம்மாவுக்கு வேலை இருக்கே."

"இவன் சும்மாதான உக்காந்துனு கீறான்?"

அப்படித்தான் எனக்கு வேலை திரும்பக் கெடைச்சுது. பெரிய இன்டர்வியூ. மறுநாள் காலையில மாமாவக் கூட்டிட்டுப் போனேன். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரு. மாமாவ ஸ்டூல்ல உக்கார வெச்சாரு. பழக்க தோஷம், என்னைப் பாத்துதான் கேட்டாரு.

"கடைசியா எப்பய்யா குடிச்சாரு?"

நான் வாயத் தொறந்தேன். மாமா என் முட்டிய ஒரு தட்டு தட்டினாரு.

"நீ கம்முனு இருடா வேலு. நான் சொல்றேன்."